ஆடிய பாதங்கள்

வரவும் செலவும் டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராத பி.காம். ஆசாமி நான். அப்பேர்ப்பட்டவன் வெறும் நாலு கால்களை டேலி பண்ண முடியாமல் திண்டாடிய கதை இது.

எல்லாம் அம்மாவின் முழங்காலில் ஆரம்பித்தது. "இனிமே தரையில உட்காரக் கூடாது. தாழ்வான பலகையும் ஆகாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர். 68 வருஷமாகத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கியே பழக்கப்பட்டவர் அம்மா. பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டால், "கல்யாண ரிசப்ஷன்ல உட்கார்ந்த மாதிரி இருக்குடா" என்றார். கடையில் ஒரு ஸ்டூல் வாங்கியிருக்கலாம். விதி யாரை விட்டது?

"ஸ்டூல்தானே? நானே செஞ்சிடறேன்!"

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் பஞ்சும் டிங்க்சரும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

பாரிமுனைக்குப் போய் ரம்பம், சுத்தியல், மூலைமட்டம், டேப், ஸ்க்ரூ எல்லாம் வாங்கினேன். பில் தொகைக்கு நாலு ஸ்டூல் வாங்கலாம். "இது செலவில்லை, மூலதனம்" என்று மனைவிக்கு அக்கவுன்டன்ஸி வகுப்பு எடுத்தேன். மரவாடியில் சட்டமும் பலகையும் கிடைத்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் தொழிற்சாலை திறப்பு விழா!

நீளச் சட்டத்தில் 17 இன்ச்சுக்கு ஒன்றாக வரிசையாகக் கோடு கிழித்து, கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்து அறுத்தேன். நாலு கால்களையும் நிறுத்திப் பார்த்தால் ஸ்கூல் அசெம்பிளி மாதிரி ஆளுக்கொரு உயரம்! ரம்பம் சும்மா அறுப்பதில்லை, தன் பல் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கிச் சாப்பிட்டுவிடுகிறது. புரோக்கர் கமிஷன் மாதிரி. இது தெரியாமல் மொத்தக் கோட்டையும் முன்கூட்டியே போட்டது என் தப்பு.

சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்க்ரூவை முறுக்கினேன். 'படக்'கென்று பலகை ஓரத்தில் விரிசல். ஸ்க்ரூவைவிட ஒல்லியாக ஒரு துளை போட்டுக்கொண்டு பிறகுதான் முறுக்க வேண்டுமாம். நான் துளை போட்டது என் இடது கட்டைவிரலில் மட்டும்தான்.

எப்படியோ ஸ்டூல் எழுந்து நின்றது. தொட்டால் ஆடியது. ஒரு காலைக் கொஞ்சம் நறுக்கினேன். இப்போது எதிர்க் கால் ஆடியது. அதையும் நறுக்கினேன். பக்கத்துக் கால் கோபித்துக்கொண்டது. குரங்கு அப்பம் பங்கு போட்ட கதையாக, சாயங்காலத்துக்குள் 18 இன்ச் ஸ்டூல் 15½ இன்ச் ஆகிவிட்டது.

"போதும்டா, நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா அதில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்த பால்காரரிடம்கூடக் காட்டினேன்.

எட்டாம் நாள் காலை, உருண்டு போன தக்காளியை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். ஸ்டூலின் ஒரு காலுக்கு அடியில், கிழித்த காலண்டர் தாள்கள் நாலாய் மடித்துச் செருகியிருந்தன. கசங்கிக் கறுத்துப்போயிருந்தன. ஸ்டூலை நகர்த்தும்போதெல்லாம் அம்மா அதையும் கூடவே நகர்த்தியிருக்கிறார்.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "முந்தாநாள் எழுந்திருக்கும்போது ஸ்டூல் சாய்ஞ்சிடுச்சுங்க. நல்லவேளை, அத்தை மேடையைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த முழங்காலோடு அம்மா விழுந்திருந்தால்?

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கார்ப்பென்டரிடம் ஓடினேன். முப்பது வருஷ அனுபவம். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எங்க வச்சு மட்டம் பார்த்தீங்க தம்பி?" என்றார்.

"மொட்டை மாடியிலண்ணே."

"தண்ணி ஓடறதுக்காக வாட்டம் விட்டுக் கட்டின தரை அது. அதுலயா மட்டம் பார்ப்பாங்க?"

"அப்போ முக்காலியா பண்ணிடலாமாண்ணே? மூணு கால் எங்க வச்சாலும் ஆடாதே!"

"ஆடாது. ஆனா ஓரத்துல கை ஊனி எழுந்தா கவுந்துடும். அம்மாவுக்கு நாலு கால்தான் நல்லது."

பிறகு சொல்லிக் கொடுத்தார். ஸ்டூலை நல்ல சமதளத்தில் (எங்கள் வீட்டில் கிரானைட் சமையல் மேடைதான் கிடைத்தது) நிறுத்தி, தூக்கி நிற்கும் காலின் அடியில் ஆப்பு வைத்து ஆட்டத்தை முதலில் நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியைவிடத் துளி கனமான ஒரு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, கட்டையை நகர்த்தியபடி நாலு காலையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டில் அறுத்தால் தீர்ந்தது. "ரெண்டு நூல் போகும், அவ்வளவுதான்" என்றார். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். நான் அறுத்துத் தள்ளியது 20 நூல்!

குள்ளமாய்ப் போன கால்களைக் கழற்றிவிட்டு, புதுச் சட்டம் வாங்கினேன். இந்த முறை ஒரு காலை அறுத்த பிறகுதான் அடுத்ததற்கு அளவு. விரிசல் பலகையும் மாறியது. கடைசியில் பென்சில் கோடு.

அம்மா உட்கார்ந்தார். நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். ஓரத்தில் கை ஊன்றி, யாரையும் பிடிக்காமல் எழுந்தார்.

"ஆடலையேடா!" என்றார், நம்ப முடியாமல்.

பாலன்ஸ் ஷீட் டேலி ஆனபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அந்த ஜோரில், "அம்மா, அடுத்து உங்களுக்கு ஒரு கட்டில் பண்றேன்!" என்றேன்.

அம்மா பதறிப்போய் மருமகளைப் பார்த்தார்.

"ஏம்மா... இந்த வருஷ காலண்டர்ல இன்னும் எத்தனை தாள் பாக்கி இருக்கு?"