கேட்குமுன்னே

ஒரகடம் கூட்டுச்சாலையில் ஒரு தேநீர்க் கடை. தொழிற்சாலைப் பேருந்து தொலைவில் தெரிந்ததுமே கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களை நிரப்பத் தொடங்கிவிடுவார். இறங்குவோர் காத்திருப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் உருவாகும் கைப்பேசிகளுக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. அவற்றின் சேமிப்பகமான ஃபிளாஷ் நினைவகம், 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. அதைவிட ரேம் பல மடங்கு விரைவாகத் தரவைத் தரும். எனவே ஒரு கோப்பு வரிசையாகப் படிக்கப்படுவதைக் கண்டதும், இயக்க மென்பொருள் அடுத்த பக்கங்களைக் கேட்குமுன்னே ரேமில் கொணர்ந்து வைக்கிறது. கணிப்புப் பலித்தால் மேலும் கூடுதலாகக் கொணரும். தவறினால் அவ்வுழைப்பு வீண். வேண்டியதற்கு மீண்டும் ஃபிளாஷிடமே செல்ல வேண்டும்.

இதை எனக்கு விளக்கியவள், பட்டயப் படிப்பு முடித்து அப்பகுதியில் இரவு ஷிப்டில் பணிபுரியும் என் மகள். ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து அழைப்பாள். "பணம் வந்து சேர்ந்தது அம்மா, நாங்கள் நலம்" என்று அவள் வாய் திறக்குமுன்னே சொல்லி முடிப்பேன். ஒருநாள் சற்று மௌனமாயிருந்தவள், "அதைக் கேட்க அழைக்கவில்லை அப்பா. இரண்டு வாரமாக எனக்கு உறக்கமே இல்லை" என்றாள்.

எத்தனை ஞாயிறுகள் என் கணிப்பையே அவள் குரலென்று எண்ணியிருந்தேன்! கணிப்புத் தவறினால் கருவிகூட மூலத்திடம் திரும்புகிறது. இப்போதெல்லாம் நான், "சொல்லம்மா" என்று மட்டும் கூறிக் காத்திருக்கிறேன்.