டோரெமியோடு வளர முடியாத நான்கு ஆண்டுகள்

1999 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஹருகஸே டோரெமி என்ற சிறுமி முதன்முறையாகத் தோன்றினாள். அப்போது மூன்றாம் வகுப்பு. 2003 ஜனவரி 26 அன்று ஆறாம் வகுப்பை முடித்து, ஆரம்பப் பள்ளியிலிருந்து விடைபெற்றாள். நடுவில் நான்கு ஆண்டுகள், 201 பகுதிகள். ‘ஓஜாமாஜோ டோரெமி’ என்ற அந்த அனிமேஷன் தொடரை அது முடிந்து வெகுகாலம் கழித்து, வளர்ந்த வயதில்தான் பார்த்தேன். ஆனாலும் பிழைப்புக்காகப் பிரிந்து வந்த ஊரை நினைப்பதுபோல டோரெமியின் மிசோரா ஊரை நினைத்து ஏங்குகிறேன்.

மந்திரம் தெரிந்த சிறுமிகளின் கதை ஜப்பானுக்குப் புதிதல்ல. டோயே அனிமேஷன் நிறுவனம் 1966இலேயே ‘மந்திரக்காரி சாலி’யை ஒளிபரப்பிவிட்டது. 1992இல் ‘சேலர் மூன்’ வந்து உலகெங்கும் பரவியது. அதை முதலில் இயக்கிய ஜுனிச்சி சாத்தோவே டோரெமியையும் தொடங்கிவைத்தார். ஆனால் டோரெமிக்கு உலகைக் காக்கும் பொறுப்பு கிடையாது. ஒரு கடைக்குள் நுழைகிறாள், அங்கிருப்பவளைப் பார்த்து “நீங்கள் சூனியக்காரிதானே?” என்று கேட்டுவிடுகிறாள். மனிதர்கள் கண்டுகொண்டால் சூனியக்காரி தவளைபோன்ற உருவமாகிவிடுவாள் என்பது சாபம். கண்டுபிடித்தவளே சூனியக்காரியாகி அந்தச் சாபத்தைத் தீர்க்க வேண்டும். இப்படித்தான் டோரெமி மாஜோரிகா என்ற அந்தச் சூனியக்காரியிடம் பயிற்சிக்குச் சேர்கிறாள். தோழிகள் ஹஸுகியும் ஐகோவும் உடன் சேர்கிறார்கள்.

அந்த மந்திரத்தில் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. மந்திரம் போட மணிகள் வேண்டும். மணிகள் வாங்கப் பணம் வேண்டும். பணத்துக்குப் பள்ளி விட்டதும் கடையில் நின்று வேலை பார்க்க வேண்டும். அந்தக் கடை முதலாண்டில் மந்திரப் பொருள் விற்றது, அடுத்த ஆண்டு பூக்கடையானது, அதற்கடுத்த ஆண்டு கேக் சுடும் கடையானது. உடை மாறுவதற்குக்கூட அவகாசம் கொஞ்சம்தான். இசை நிற்பதற்குள் உடுப்பைத் தலைவழியாக மாட்டி, கையுறையும் பூட்ஸும் போட்டாக வேண்டும். ஒளி வெள்ளத்தில் தானாக உடை மாறும் மற்ற நாயகிகளுக்கு நடுவே, பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளைபோல இவள் தவிப்பதைப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இவளைப் பிடித்துப்போனது.

மூன்று மந்திரங்களுக்குத் தடை உண்டு. நோயையும் காயத்தையும் ஆற்றக் கூடாது. இறந்தவரை எழுப்பக் கூடாது. மனிதர் மனத்தை மாற்றக் கூடாது. மனிதனுக்கு உண்மையில் தேவைப்படும் மூன்றும் இவைதான். ஐகோவின் பெற்றோர் பிரிந்திருக்கிறார்கள். ஒசாகாவிலிருந்து வந்த அப்பா டாக்ஸி ஓட்டி அவளை வளர்க்கிறார். ஒரு மந்திரத்தில் அவர்களைச் சேர்த்துவிட முடியாது. அவள் காத்திருக்க வேண்டும், பேச வேண்டும், அழ வேண்டும். அவர்கள் மறுபடி ஒன்றுசேர நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை நட்சத்திரம் ஓன்பு மனங்களை மாற்றும் மந்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு நூறாண்டுத் தூக்கத்தில் விழும்போது, அவளை எழுப்பத் தோழிகள் தங்கள் மந்திர சக்தியையே இழக்கிறார்கள். முதலாண்டு அப்படித்தான் முடிகிறது.

இரண்டாம் ஆண்டில் நீல ரோஜா ஒன்றிலிருந்து ஹானா என்ற சூனியக்காரிக் குழந்தை பிறக்கிறாள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டு அவளுக்குத் தாயாக இருக்க வேண்டும். நடுராத்திரியில் குழந்தை அழுகிறது, பால் குடிக்க மறுக்கிறது, காய்ச்சல் வருகிறது. குழந்தைகளுக்கான தொடர் ஒன்று இவ்வளவு பொறுமையாகத் தாய்மையைச் சொல்லி நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் பொறுமைக்கு இடம் கொடுத்தது காலம். வாரம் ஒரு பகுதியாக ஓராண்டு ஓடியதால்தான் ஹானா தவழ்வதையும் நிற்பதையும் அவசரமில்லாமல் காட்ட முடிந்தது.

என் ஏக்கமெல்லாம் அந்தக் காலத்தின் மேல்தான். டோரெமி ஆண்டுக்கொரு வகுப்பு ஏறினாள். முதல் ஞாயிறன்று எட்டு வயதில் பார்க்கத் தொடங்கிய பிள்ளைகளும் அவளோடு வகுப்பு ஏறினார்கள். பள்ளிக்கு வரப் பயந்த கயோகோ என்ற வகுப்புத் தோழி வகுப்பறை வாசலைத் தாண்டுவதற்குப் பல வாரங்கள் ஆயின. பார்த்த பிள்ளைகளும் அத்தனை வாரங்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அந்தக் காத்திருப்பு வாய்க்கவில்லை. பகுதி முடிந்ததும் அடுத்த பகுதியை ஓட்டினேன். நான்கு ஆண்டுகளின் வளர்ச்சி எனக்குச் சில வாரங்களில் கடந்துபோனது.

பிற்காலத்தில் ‘சம்மர் வார்ஸ்’ படத்தை எடுத்த மமோரு ஹொசோடா 2002இல் இத்தொடரின் ஒரு பகுதியை இயக்கினார். அதில் தோழிகள் எல்லோருக்கும் எதிர்காலம் பற்றி ஒரு திட்டம் இருக்கிறது. டோரெமிக்கு மட்டும் இல்லை. வழக்கமாகப் போகும் வழியை விட்டு வேறு வழியில் திரும்பியவள், கண்ணாடிக் கலைஞரான மிராய் என்ற பெண்ணைச் சந்திக்கிறாள். மந்திரத்தைக் கைவிட்ட சூனியக்காரி அவள். தான் மூப்படையாததால் ஓரிடத்தில் நிலைத்து வாழ முடியாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பவள். நீண்ட ஆயுள் எவ்வளவு பெரிய தனிமை என்பதை அரைமணி நேரத்துக்குள் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இறுதி முடிவுக்கு அதுவே முன்னுரை. சூனியக்காரிகள் உலகின் முன்னாள் ராணி ஒரு மனிதனை மணந்தவள். கணவன் முதுமையில் இறந்தான். குடும்பத்தாரும் ஒவ்வொருவராக விலகினார்கள். அவள் மட்டும் மாறாமல் நின்றாள். அந்தத் துயரத்தை ஆற்றிய சிறுமிகளுக்குச் சூனியக்காரியாகும் வரம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான்கு ஆண்டுகள் உழைத்தது அதற்காகத்தான். ஆனால் அவர்கள் வேண்டாம் என்கிறார்கள். பட்டமளிப்பு நாளில் டோரெமி கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஐகோ ஒசாகாவுக்கும், இன்னொரு தோழியான மொமோகோ அமெரிக்காவுக்கும், ஹானா சூனியக்காரிகள் உலகுக்கும் போகப்போகிறார்கள். பிரிவை ஏற்க டோரெமியால் முடியவில்லை. வகுப்பே கடை வாசலுக்குத் திரண்டு வந்து, அங்கேயே அவளுக்குப் பட்டமளிப்பு விழா நடத்துகிறது. அவளை வெளியே வரவைத்தது மந்திரமல்ல, அந்த நான்கு ஆண்டுகளில் அவள் சம்பாதித்த மனிதர்கள்.

டோரெமி வந்த அந்த ஞாயிறு நேரத்தில் 2004 முதல் ‘ப்ரீக்யூர்’ வருகிறது. அதில் பெரும்பாலும் ஆண்டுக்கொரு புதிய நாயகியர் கூட்டம். அவர்களையும் நேசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நேசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாயகிகளோடு நான்கு வகுப்புகள் ஏற இன்றைய பிள்ளைகளால் முடியாது. 2020இல் சாத்தோவும் யூ கமதானியும் சேர்ந்து இயக்கிய திரைப்படம் டோரெமியின் கதையைத் தொடரவில்லை. சிறுவயதில் அத்தொடரைப் பார்த்து வளர்ந்த மூன்று பெண்கள் கமாகுராவில் ஒரு பழைய வீட்டின் முன் சந்தித்துத் தோழிகளாவதைச் சொல்கிறது. ஒருத்தி அலுவலகத்தில் திணறுகிறாள், ஒருத்தி படிப்பில், ஒருத்தி வாழ்க்கையில். மூவருக்கும் தோள் கொடுப்பது தாங்கள் டோரெமியோடு வளர்ந்த நினைவு.

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படியொரு துணை எட்டு வயதில் எனக்குக் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கவும் கிடைக்காது. ஆனால் இன்று எட்டு வயதாகும் பிள்ளைக்குக் கிடைக்கலாம். தன்னோடு மெதுவாக வளர்ந்து, நேரம் வந்ததும் கைவிட்டுப் போகக் கற்றுத்தரும் ஒரு கதையை யாராவது துணிந்து நான்கு ஆண்டுகள் சொல்ல வேண்டும். அது எந்த மொழியில் வந்தாலும், ஞாயிறுதோறும் ஒரு பகுதியாக, அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் காத்திருந்து பார்ப்பேன்.