முதலில் மென்பொருள், பிறகு மடிக்கணினி

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கும் காலம் வந்தால், எங்கள் தாமானில் என்னைத் தேடி ஆள் வரும். கட்டட வரைபடம் போடுவதுதான் என் பிழைப்பு என்று எல்லாருக்கும் தெரியும். கேள்வியும் ஒன்றுதான்: "அண்ணே, புள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்குறது?"

கடைசியாகக் கேட்டவர் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய். கூட்டு எடுத்த பணம் நாலாயிரம் ரிங்கிட் கையில் இருந்தது. மகன் கட்டடக் கலை படிக்கப் போகிறான். கூட்டாளி வைத்திருக்கும் மெல்லிய மேக்புக்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அது நல்ல கணினி, சந்தேகமே இல்லை. நான் கேட்டது வேறு: "தம்பி, உங்க காலேஜ்ல என்ன சாப்ட்வேர் சொல்லிக் கொடுக்கிறாங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. மூத்த மாணவர் ஒருவரிடம் வாட்சாப்பில் கேட்டான். ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப் என்று பதில் வந்தது. பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

ஆட்டோகேட் மேக்கிலும் உண்டு. ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கும் சில வசதிகள் அதில் இல்லை. ஸ்கெட்ச்அப் இரண்டிலும் ஓடும். ரெவிட்டுக்கோ விண்டோஸ் பதிப்பு மட்டும்தான். இயந்திரவியல் மாணவர்கள் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸும் அப்படியே. முன்பு மேக்கிலேயே விண்டோஸை நிறுவ 'பூட் கேம்ப்' என்ற வழி இருந்தது. 2020இன் இறுதியில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சில்லுக்கு மாறத் தொடங்கியதும், அந்தச் சில்லு உள்ள கணினிகளில் அந்த வழி அடைபட்டது. லினக்ஸ் இலவசம்தான். லிப்ரேகேட், ஃபிரீகேட் போன்றவை அதில் நன்றாக ஓடும். ஆனால் ஆட்டோகேட்டுக்கும் ரெவிட்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது.

பையன் முகம் வாடியது. "உன் கூட்டாளி என்ன படிக்கிறான்?" என்றேன். கிராபிக் டிசைனாம். அவனுக்கு அது பொருத்தம், உனக்கு இது பொருத்தம் என்றதும் கொஞ்சம் சமாதானமானான்.

இயங்குதளம் முடிவான பிறகுதான் கணினியைப் பார்க்க வேண்டும். ஆட்டோகேட் தன் வேலையில் பெரும்பகுதியைச் செயலியின் ஒரே கருவை வைத்துத்தான் செய்கிறது. ஆகவே எத்தனை கரு என்று எண்ணுவதைவிட, ஒரு கருவின் வேகத்தைப் பார்ப்பது நல்லது. ரெவிட்டுக்கு நினைவகம் 16 ஜிபியாவது வேண்டும். பிறகு கூட்டிக்கொள்ள உள்ளே இடம் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். சில மெல்லிய கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். வெறும் தரைப்படம் வரைய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. முப்பரிமாணக் காட்சிகள் செய்யத் தேவை. அதனால்தான் வரைபட மாணவர்கள் பலர் கேமிங் லேப்டாப் வாங்குகிறார்கள். கனமானது, விசிறிச் சத்தமும் உண்டு, வேலை நடக்கும்.

சக்கரம் உள்ள நல்ல மௌஸ் ஒன்றையும் மறக்காதீர்கள். வரைபடத்தைப் பெரிதாக்கவும், அழுத்திப் பிடித்து நகர்த்தவும் அந்தச் சக்கரம்தான். டச்பேடில் வரைந்தால் கை சீக்கிரமே சோர்ந்துவிடும். அளவுகளை ஓயாமல் தட்ட வேண்டியிருப்பதால், விசைப்பலகையின் வலப்பக்கம் தனி எண் விசைகள் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய கணினி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. இண்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்கு முந்தியதென்றால், பொதுவாக விண்டோஸ் 11 அதை ஏற்காது. விலை மலிவு என்று எடுத்துவிட்டுப் பின்னால் தவிக்கக் கூடாது.

மென்பொருளுக்கு மாணவர்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க், மாணவர் என்று உறுதிப்படுத்தியவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறது. படிக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். "நாங்களே போட்டுத் தரோம்" என்று யாராவது திருட்டுப் பதிப்பை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிருமியும் கூடவே வரும்.

வருமான வரி கட்டும் பெற்றோர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரிக்கழிவில் கணினியும் சேரும். மாதாமாதம் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இது. கடைக்காரர் விற்க நினைப்பதற்கோ கூட்டாளி வைத்திருப்பதற்கோ அல்ல, பிள்ளையின் பாடத்திட்டம் கேட்பதற்கே அது செலவாகட்டும்.