அடுப்பை அணைத்தாலும் தணல் அடங்காது: ஒகேனக்கல் முதல் கல்பாக்கம் வரை ஒரு தண்ணீர்ப் பயணம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர் போனால் ஒகேனக்கல். மசாஜ் எண்ணெய் வாசனையும் மீன் வறுவல் வாசனையும் கலந்து வரவேற்கின்றன. "தண்ணி ஜாஸ்தியா வந்தாலும் பரிசல் ஓடாது. ரொம்பக் குறைஞ்சாலும் ஓடாது. அளவா வரணும் தம்பி" என்றார் துறையில் நின்ற பரிசல்காரப் பெரியவர்.

என்னுடன் வந்த நண்பனுக்கு வேறு சந்தேகம். "இவ்வளவு தண்ணி ஓடுது. அணுமின் நிலையத்தை இங்கே கட்டாம ஏன் கடலோரத்துல கட்டினாங்க?"

பெரியவர் சொன்னதிலேயே அதற்குப் பாதி பதில் இருக்கிறது.

லட்சமும் சில நூறும்

தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் வரத்தை அளக்கிறது. கர்நாடக அணைகள் நிரம்பும் மழைக்காலத்தில் அது லட்சம் கன அடியைத் தாண்டும். அப்போது குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை. கோடையிலோ சில நூறு கன அடிக்கு இறங்கிவிடும்.

அந்தத் தண்ணீருக்கும் ஏற்கெனவே வேலை இருக்கிறது. இந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் கறை, எலும்பு பாதிப்பு எனப் பல தலைமுறைகள் அவதிப்பட்டன. அதற்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மேட்டூரின் வெள்ளைப் புகை

ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி நேராகப் போய்ச் சேர்வது மேட்டூர் அணையில். அங்கே அனல்மின் நிலையத்தின் பெரிய கோபுரங்களிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது புகையல்ல, நீராவி. அவை குளிர்விப்புக் கோபுரங்கள்.

நிலக்கரியோ யுரேனியமோ, அடிப்படை ஒன்றுதான். சூட்டில் தண்ணீரை ஆவியாக்கி டர்பைனைச் சுற்ற வேண்டும். வேலை முடிந்த ஆவியைக் குளிரவைத்து மீண்டும் தண்ணீராக்க வேண்டும். அணு உலையில் உண்டாகும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியைத் தண்ணீர்தான் சுமந்துபோக வேண்டும்.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நிலக்கரியை நிறுத்தினால் அனல் நிலையம் அடங்கிவிடும். அணு உலை அப்படி அடங்காது.

நம் பாட்டி வீட்டு விறகு அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை வெளியே இழுத்த பிறகும் தணல் கனன்றுகொண்டிருக்கும். பானையில் தண்ணீர் வற்றினால் அடிப்பிடித்துவிடும். உலையிலும் அணுப்பிளவை சில விநாடிகளில் நிறுத்திவிடலாம். ஆனால், பிளவில் உண்டான கதிரியக்கப் பொருட்கள் தொடர்ந்து சூட்டை வெளியிடும். நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவிகிதம். ஒரு மணி நேரம் கழித்து சுமார் ஒன்றரை சதவிகிதம். ஒரு நாள் கழித்தும் அரை சதவிகிதம் அளவுக்கு இருக்கும்.

கேட்க அற்பமாகத் தெரியலாம். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலையை நிறுத்திய கணத்தில் எஞ்சியிருக்கும் சூடு, 20,000-க்கும் மேற்பட்ட வீட்டு கீசர்களை ஒன்றாகப் போட்டதற்குச் சமம். அதை எடுத்துப்போகத் தண்ணீர் இல்லையென்றால் எரிபொருளே உருகும்.

கடல் வந்து கதவைத் தட்டிய நாள்

காவிரி போல வற்றாதது கடல். அதனால்தான் கல்பாக்கம், கூடங்குளம். கல்பாக்கத்தில் கரையிலிருந்து அரை கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி, கடலடிச் சுரங்கம் வழியாக நீர் எடுக்கிறார்கள். அந்தக் கடல்நீர் உலைக்குள் நேரடியாகப் போவதில்லை. உலையைச் சுற்றுவது தனிக் குழாயில் ஓடும் கனநீர். கடல்நீர் வெளியே இருந்து சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறது.

கடல் வற்றாது, சரி. பொங்கினால்?

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது கல்பாக்கத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கம் வழியாகவே கடல் ஏறி வந்து பம்ப் ஹவுஸை மூழ்கடித்தது. குளிர்விப்பு பம்புகள் நின்றன. உலை நிறுத்தப்பட்டு பாதுகாப்பாகக் குளிரவைக்கப்பட்டது. பக்கத்துக் குடியிருப்பில் பலர் உயிரிழந்தார்கள். உலை தப்பியது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. பிறகு வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மின்சாரம் போனது, பம்புகள் நின்றன, மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. எதிரே பசிபிக் பெருங்கடல். உள்ளே குளிர்விக்கத் தண்ணீர் இல்லை!

காப்பாற்றிய தீயணைப்பு பம்ப்

உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கிறது நரோரா அணுமின் நிலையம். 1993 மார்ச் 31 அதிகாலை டர்பைன் கட்டடத்தில் தீப்பிடித்து, நிலையம் முழுக்க மின்சாரம் போனது. சுமார் 17 மணி நேர இருட்டு. ஊழியர்கள் டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளைக் கொண்டு நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் செலுத்தினார்கள். உலை பிழைத்தது.

மூன்று ஊர்க் கதையும் ஒன்றையே சொல்கிறது. பக்கத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது பாதிக் கணக்கு. மின்சாரமே இல்லாத நேரத்திலும் அது உலையை எட்டுமா என்பதுதான் மீதி. கூடங்குளம் உலைகளில் பம்பும் மின்சாரமும் இல்லாமலே, காற்றோட்டத்தால் இந்த எஞ்சிய சூட்டை வெளியேற்றும் அமைப்பு வைத்திருப்பது அதற்காகத்தான்.

எனவே, எந்த ஊரில் அணுமின் நிலையம் பற்றிய பேச்சு வந்தாலும், எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பம்பும் ஜெனரேட்டரும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? இரண்டும் நின்றுபோனால் அடுத்த வழி என்ன?

இதைக் கேட்க இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை. உலை வைத்துச் சோறு வடித்தவர்கள் யாரும் கேட்கலாம்.