கடல் கடந்த மடல்: இரவு டியூட்டியில் எத்தனை பேர்?

அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 3.48 மணி நேரமாவது கவனிப்பு கிடைக்க வேண்டும் என்று பைடன் அரசு 2024-ல் விதி கொண்டுவந்தது. அதில் பதிவு பெற்ற நர்ஸின் பங்கு வெறும் 33 நிமிடம். குளிப்பாட்ட, ஊட்டிவிட, புரட்டிப் படுக்கவைக்க உதவியாளருக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இல்ல உரிமையாளர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரக் கூட்டாட்சி நீதிபதி விதியின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தார். ஜூலையில் வந்த புதிய சட்டம் அதை 2034 வரை கிடப்பில் போட்டது.

ஆள் கிடைக்கவில்லையாம். 2024-ல் அந்த உதவியாளர்களின் நடுத்தர ஊதியம் ஆண்டுக்கு 40,000 டாலரைக்கூடத் தொடவில்லை. பிறகு எங்கிருந்து ஆள் வருவார்கள்?

டெக்சாஸில் குடியேறிய விருதுநகர்க்காரருக்கு இந்தச் செய்தியில் முதியோர் இல்லத்தைவிடத் தீக்காய வார்டுதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். கடுமையாகக் கருகியவர்களை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டு ஓட வேண்டியிருந்தது.

அறுபது கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளிக்கு உடம்பில் 40 சதவீதம் வெந்துபோனால், வழக்கமான கணக்குப்படி முதல் 24 மணி நேரத்தில் சுமார் 9,600 மில்லி திரவம் ஏற்ற வேண்டும். அதில் பாதி, காயம்பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் கெடும், கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். சரியாகப் போகிறதா என்று அறிய மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து எழுத வேண்டும். மணிக்கு 30 முதல் 50 மில்லி வந்தால் நிம்மதி. இதற்கிடையில் வலிக்கு ஊசி போட்டு, ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீரில் நனைத்து மெல்ல உரித்துக் கட்டு மாற்ற வேண்டும். கணக்கு டாக்டர் போடுவது. இரவு இரண்டு மணிக்கு அளவைப் பார்ப்பவர் நர்ஸ். வார்டு முழுக்க ஒருவரே என்றால் எந்த அளவு விடுபடும் என்று கேட்கவே வேண்டாம்.

விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் கட்டடம் எழுப்புவதில் காட்டும் வேகம் சம்பளம் என்றதும் தமிழ்நாட்டில் காணாமல் போய்விடுகிறது. 2015-ல் தேர்வு எழுதி வந்த செவிலியர்களை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் அரசு சேர்த்தது. இரண்டாண்டில் பணி நிரந்தரம் என்ற பேச்சு நடக்காததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் கெஞ்சி அழைக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. கைதட்டிய சத்தம் ஓய்ந்து எத்தனை காலம் ஆகியிருக்கும்?

தனியாரில் நிலைமை இன்னும் மங்கல். உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி உத்தரவால் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்து மல்லுக்கு நின்றதால் கேரளம் 2018 ஏப்ரலில் அந்தத் தொகையை அரசாணையாக்கியது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம்தான். சிவகாசி, சாத்தூர் பக்கத்துச் சிறு மருத்துவமனைகளுக்கு ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் படுக்கையை எண்ணுவதோடு, சம்பளப் பதிவேட்டையும் இரவு டியூட்டி நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.