வேம்பிலிருந்து ஏழாவது

நம் பங்குப் பணியகத்தின் மூலையில், நெகிழி உறை போர்த்தப்பட்ட பழைய கணிப்பொறி ஒன்று நெடுங்காலமாகக் கிடந்தது. இப்பங்கின் பொறுப்பை ஏற்று மூன்று ஆண்டுகளாகியும் நாம் அவ்வுறையை நீக்கிப் பார்த்ததில்லை. பழைய இரும்பு வாங்குபவர் இருமுறை விலை கேட்டார். கொடுக்காமல் விட்டது நமது முன்யோசனையால் அன்று. அவர் சொன்ன விலை குறைவாயிருந்ததால்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாட்களே இருந்தபோது, மும்பையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். 1974-இல் அவருடைய தந்தை இறந்தபோது அவருக்கு வயது நான்கு. தாயார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. அண்மையில் அவரும் கண்மூடினார். "அப்பா குழியில ஒரு மெழுகுதிரி ஏத்திடுன்னு கடைசியாச் சொன்னாங்க சாமி. எந்தக் குழின்னு எனக்குத் தெரியலையே" என்றார்.

இறப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். பெயரும் இருந்தது, நாளும் இருந்தது. அடக்கம் செய்த இடம் இல்லை. அதை எழுதும் வழக்கம் நம் பங்கில் அக்காலத்தில் இருந்ததில்லை. ஏழைகளின் குழிகளுக்கு மரச்சிலுவைதான். ஐம்பது ஆண்டுகள் அது மண்ணில் நிற்குமா?

அப்போது உபதேசியாரின் பட்டியலைப் பற்றி யாரோ நினைவூட்டினார்கள். நாற்பது ஆண்டுகள் இங்கே உபதேசியாராக இருந்தவர், எந்தக் குழியில் யார் என்பதை ஒரு நோட்டில் வரிசை வரிசையாகக் குறித்து வந்தாராம். 2005-இல் பங்குக்குக் கணிப்பொறி வந்ததும், அறுபது வயதைக் கடந்த அவர் ஒற்றை விரலால் தட்டித்தட்டி அந்நோட்டு முழுவதையும் அதில் ஏற்றினார். பின்னர் நோட்டைச் செல் அரித்துவிட்டது. 2012-இல் உபதேசியாரும் காலமானார். ஆக, எஞ்சியிருந்தது உறைக்குள் கிடந்த அந்தப் பெட்டி ஒன்றே.

மின்னிணைப்புக் கொடுத்தோம். விசிறி சுழன்றது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. உள்ளேயிருந்து நீண்ட 'பீப்' ஒலி விட்டுவிட்டு எழுந்தது. கேபிள்களையெல்லாம் பிடுங்கிச் செருகினோம். திரையை வேறொரு கணிப்பொறியில் மாட்டிப் பார்த்தோம். அங்கே நன்றாக எரிந்தது. அதற்குமேல் நம் அறிவு எட்டவில்லை. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நம் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்தோம்.

அவர் பெட்டியைத் தொடுமுன் காதைக் கொடுத்துக் கேட்டார். "ரேம் ஃபாதர். அதுதான் கத்துது" என்றார். குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாட்களில், விளைவிலிருந்து காரணத்திற்குச் செல்லும் நெறியை அக்குவினாஸின் வழியில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். அந்த நெறியை இத்தனை விரைவாகக் கையாண்ட ஒருவரை அன்றுதான் கண்டோம்.

மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காக உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டார். நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தார். உள்ளே தூசியும் பல்லி முட்டை ஓடுகளும் இருந்தன. மீண்டும் பொருத்தி இயக்கியதும் திரையில் எழுத்து வந்தது. நாம் கைதட்டிவிட்டோம், அவர் தட்டவில்லை.

கணிப்பொறி தன் தேதியை மறந்திருந்தது. தாய்ப்பலகையில் நாணயம்போல் ஒரு மின்கலம் இருக்கிறது, சி.ஆர். 2032 என்பது அதன் பெயர். மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தையும் அடிப்படை அமைப்புகளையும் காத்து நிற்பது அதுவே. மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. கடைத்தெருவில் புதிது வாங்கி மாட்டினோம்.

அதன் பின்னும் விண்டோஸ் எழும்பவில்லை. பாதி வழியில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. ஹார்டு டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்றொரு சத்தம். இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமே என்று நாம் பொத்தானை நோக்கிக் கை நீட்டினோம். அவர் நம் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பங்குக் குருவின் கையை அப்படிப் பிடிப்பார் எவருமில்லை. ஆனால் அவர் பிடித்தது சரி. "இந்தச் சத்தம் வந்தா ஒவ்வொரு தடவை போடுறதும் ஆபத்து ஃபாதர். பெட்டி எழும்பலைன்னா போகட்டும். உள்ள இருக்கறதை முதல்ல எடுத்துடணும்."

நாம் இதுவரை பெட்டியைப் பிழைக்க வைப்பதிலேயே முனைப்பாக இருந்துவிட்டோம். அம்மையாருக்கு வேண்டியதோ பெட்டி அன்று.

டிஸ்கைக் கழற்றித் தம் கடைக்குக் கொண்டுபோனார். பழைய வகை டிஸ்கைப் புதிய கணிப்பொறியோடு இணைக்கத் தனி இணைப்பியும் தனி மின்வழங்கியும் தேவைப்பட்டன. முதல் முறை அடையாளம் தெரியவில்லை. இரண்டாம் முறை தெரிந்தது. வேறெதையும் திறவாமல் உபதேசியாரின் கோப்புகளை மட்டும் முதலில் படியெடுத்தார். அதற்குள் நாம் எத்தனை அருள்நிறை மரியே சொல்லியிருப்போம் என்ற கணக்கு நம்மிடம் இல்லை.

கோப்பு திறந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை! ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. யுனிகோடு பரவுவதற்குமுன் தமிழ் எழுத்துருக்கள் தத்தம் முறையில் எழுத்துக்களுக்கு இடம் ஒதுக்கிக்கொண்டன. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்ட பின்னும் அவரவர் பழக்கப்பட்டதையே பயன்படுத்தினர். தட்டச்சு செய்த எழுத்துரு இல்லாவிட்டால், தமிழில் எழுதியது தமிழாகத் தெரியாது. நல்வேளையாக அந்த எழுத்துருவும் அதே டிஸ்கில் இருந்தது. அதையும் எடுத்து நிறுவியதும் உபதேசியாரின் தமிழ் வரிசை வரிசையாக எழுந்து வந்தது.

'நான்காம் வரிசை. வேம்பிலிருந்து மேற்கே ஏழாவது.' அருகே அம்மையாருடைய தந்தையின் பெயர்.

கல்லறைத் தோட்டத்தில் இப்போது வேம்பு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வீசிய கஜா புயலில் அது வேரோடு சாய்ந்தது. அம்மையாரின் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை. குழி வெட்டும் பெரியவர் ஓரிடத்தில் நின்று மண்வெட்டியால் மண்ணைச் சுரண்டினார். ஒரு சாண் ஆழத்தில் மக்கிய வேர் தென்பட்டது. அங்கிருந்து எண்ணினோம். ஆறாவது, கல் நட்ட சமாதி. பட்டியலில் இருந்த பெயரே அதிலும் இருந்தது. எட்டாவதும் அவ்வாறே. இரண்டுக்கும் இடையே புல் மூடிய சமதரை.

அவர் மெழுகுதிரியை ஏற்றவில்லை. புல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். நாம் ஒதுங்கி வந்தோம்.

அன்றிரவு பட்டியலைக் கடைசிவரை படித்தோம். 2012-ஆம் ஆண்டோடு அது நின்றிருந்தது. ஊரார் அனைவரையும் எழுதி வைத்த அவர் பெயர் அதில் இல்லை, எப்படி இருக்கும்? புதிய வரி ஒன்றைத் தொடங்கி உபதேசியாரின் பெயரைத் தட்டினோம். வரிசை எண் கேட்ட கட்டத்தில் விரல் நின்றுவிட்டது. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், பெரியவரை அழைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கப் போனோம்.