திறப்பை யாரிடம் கொடுப்பது?

டார்னெய்ட்டில் எம்மவர் கூடும் இடங்களில் இப்போது ஒரு புதுக்கதை அடிபடுகிறது. விசா, வீட்டு வாடகை, ஊரில் அம்மாவின் மருந்துச் செலவு என்று கதைத்து முடிந்ததும், யாராவது ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டுவார். "அண்ணை, கணனி தானே பங்கு வாங்கி விற்குது. நாங்கள் நித்திரை கொண்டாலும் காசு வரும்."

நாங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோய், லாவர்ட்டன் நோர்த் பக்கம் தொழிற்சாலையில் நிற்கிறவர்கள். ஆனாலும் ஒரு மெஷினை முழு வேகத்தில் ஓடவிட முன்னர் வெறுமையாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அதே முறையில் நாலு பேர் சேர்ந்து, சனி ஞாயிறுகளில் இந்த விடயத்தையும் பழகினோம்.

மென்பொருள் பங்கு வாங்குவதற்கு ஒரு தரகர் வேண்டும். தரகரோடு தொடர்பு வேண்டும். அதற்குத் திறப்பு வேண்டும். இன்ரராக்டிவ் புரோக்கர்ஸ் என்ற அமெரிக்கத் தரகரை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய டி.டபிள்யு.எஸ். மென்பொருளில் பரீட்சார்த்தக் கணக்குக்கு வழமையான வாசல் இலக்கம் 7497. உண்மைக் காசுக் கணக்குக்கு 7496. ஒரு இலக்கம் மாறினால் விளையாட்டுக் காசு வீட்டு வாடகைக் காசாகிவிடும். ஆகவே முதலில் கணக்கு இலக்கத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பரீட்சார்த்தக் கணக்கு 'டி.யு.' என்ற எழுத்துக்களில் தொடங்கும்.

சோதிக்கும் ஒழுங்கு இதுதான். முதலில் நேரத்தை மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் தொடர்பு சரி. பிறகு கணக்கு மீதி, பிறகு ஒரு பங்கின் விலை. அதுவரை 'ரீட் ஒன்லி' என்ற பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை எடுக்க வேண்டாம். அது இருக்கும்வரை வாங்கும் கட்டளை எதுவும் போகாது. கடைசியாகத்தான், பரீட்சார்த்தக் கணக்கில் ஒரேயொரு பங்குக்குக் கட்டளை கொடுத்து, அதை ரத்துச் செய்து பார்ப்பது.

இணையவழித் தரகர்களிடம் பிழை இலக்கமாக வரும். 401 என்றால் உங்களை யாரென்று அதற்குத் தெரியவில்லை, திறப்புப் பிழை. 403 என்றால் ஆளைத் தெரியும், ஆனால் அனுமதி இல்லை. விசா உண்டு, வேலை செய்யும் உரிமை இல்லை என்ற நிலையில் வருடக்கணக்காக இருந்த எங்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. சில திறப்புகள் ஒரு நாளோடு காலாவதியாகும். இந்தியாவின் செரோதா நிறுவனத்தில் தினமும் புதிதாக உள்நுழைய வேண்டும். நேற்று வேலை செய்தது இன்று செய்யாவிட்டால் பதற வேண்டாம்.

இவ்வளவும் எங்கள் திறப்பைச் சோதிப்பது. தரகரை யார் சோதிப்பது?

எங்களோடு வேலை செய்த ஒரு தம்பி, தங்கச்சியின் கலியாணத்துக்குச் சேர்த்த காசை, தொலைபேசியில் அறிமுகமான ஒருவரிடம் கொடுத்தார். கடவுச்சொல்லையும் கொடுத்தார். திரையில் இலாபம் ஏறிக்கொண்டே போனது. காசை எடுக்கக் கேட்டபோது, முதலில் வரி கட்டு என்றார்கள். அதையும் கட்டினார். பிறகு திரையும் இல்லை, ஆளும் இல்லை. தொடர்பு கடைசிவரை சரியாகத்தான் வேலை செய்தது. மறுமுனையில்தான் தரகர் இருக்கவில்லை.

சென்றிக்குச் சென்றி அடையாள அட்டை காட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களிடம் காசு கேட்பவரிடம் அடையாளம் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்? இந்நாட்டில் பங்குத் தரகு செய்பவருக்கு அவுஸ்திரேலிய நிதிச் சேவை அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை 'அசிக்' பதிவேட்டில் காசில்லாமல் பார்க்கலாம். மணிஸ்மார்ட் தளத்தில் எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு. வேறு கொம்பனியின் இலக்கத்தைக் களவாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அவர்கள் தந்த இலக்கத்துக்கு அல்ல, நீங்களே தேடி எடுத்த இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அவுஸ்திரேலியப் பங்குகளை 'செஸ்' முறையில் உங்கள் பெயரிலேயே வைத்திருக்கும் தரகர் என்றால், 'எக்ஸ்' எழுத்தோடு தொடங்கும் உரிமையாளர் இலக்கம் தருவார். எல்லாத் தரகரும் இம்முறையைப் பாவிப்பதில்லை. எம்முறை என்று கேட்டு அறியுங்கள்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான். கடவுச்சொல்லை ஊரவர், உறவினர் என்று பார்த்தும் கொடுக்காதீர்கள். காசு போய்விட்டால் அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள். ஆங்கிலம் தடுத்தால் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அனுமதி பெற்ற தரகரோடு பிணக்கு என்றால், 2018 நவம்பரில் தொடங்கிய 'அஃப்கா' இலவசமாக விசாரிக்கும். அனுமதி இல்லாதவர் மீது அங்கே முறையிட வழியில்லை.

அந்தத் தம்பி மூன்று மாதம் யாருக்கும் சொல்லவில்லை. வெட்கம். இப்போது இரட்டை ஷிப்ட் செய்கிறார். வெட்கப்பட வேண்டியவர் அவர் அல்லர். காசு அனுப்புவதற்கு முதல்நாள் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தேநீர் இடைவேளையில் நாங்கள் எல்லோரும் ஒரே மேசையில்தான் இருக்கிறோம்.